இரண்டு முற்றவெளிகள்

பேத்திக்கு அப்போது எட்டு வயது. 2013 ஓகஸ்ட் மாதத்து முதல் திங்கட்கிழமை, ரொறன்ரோவில் சிம்கோ நாள் விடுமுறை. விடியவே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

"அம்மம்மா, கோட்டைக்குப் போவமே? இண்டைக்குத் துவக்குச் சுட்டுக் காட்டுவினமாம். பழைய காலத்துச் சமையலும் இருக்காம்."

கோட்டை என்றால் இன்றும் எனக்கு ஒரு கோட்டைதான். யாழ்ப்பாணத்தில் கொட்டடியில் எங்கள் வீடு. மேல்மாடியில் ஏறி நின்றால் கோட்டை மதில் தெரியும். சரித்திரம் படிப்பித்த ஆசிரியை நான். போர்த்துக்கேயர் எந்த ஆண்டு கட்டத் தொடங்கினார்கள், ஒல்லாந்தர் எந்த ஆண்டு பிடித்தார்கள் என்று கரும்பலகையில் எத்தனையோ தரம் எழுதியிருக்கிறேன். உள்நாட்டுப் போரின் நடுவே, 1990 ஆனி மாதத்தில் கோட்டையைச் சுற்றி முற்றுகை தொடங்கியது. புரட்டாதி வரைக்கும் ஓயவில்லை. ஒரு சூட்கேசோடு வெளியேறியவர்கள் திரும்பி வந்து பார்த்தபோது, கிணற்றுக்கட்டு மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. அதற்குப் பிறகு எந்த ஊரிலும் நான் கோட்டை பார்க்கப் போனதில்லை. பிள்ளை கேட்டதால் போனேன்.

ஸ்காபரோவிலிருந்து பாதாள ரயிலில் வந்து, பாதர்ஸ்ற் வீதியால் தெற்கே இறங்கினால் யோர்க் கோட்டை. ஒரு பக்கம் ரயில் தண்டவாளங்கள், மறுபக்கம் தூண்களின் மேலே ஓடும் கார்டினர் அதிவேகப் பாதை, சுற்றிலும் கண்ணாடி மாடிக்கட்டடங்கள். நடுவே புல் வளர்ந்த மண்மேடு, அதற்குள்ளே சில தாழ்ந்த கட்டடங்கள். உயர்ந்த பவளக்கல் மதிலையும் அகழியையும் பார்த்து வளர்ந்த எனக்கு, இதுவா கோட்டை என்றுதான் தோன்றியது. அந்த மண்மேடுதான் மதில். பீரங்கிக் குண்டு கல்லில் பட்டால் கல் சிதறி ஆளைக் கொல்லும்; மண்ணில் பட்டால் புதைந்துவிடும். கோட்டை கட்டிய காலத்தில் ஒன்ராறியோ ஏரியின் அலை இந்த மேட்டின் அடியிலேயே வந்து அடித்தது. பிறகு ஏரியை நிரவி நிரவி ரயில்பாதையும் வீதிகளும் போட்டார்கள். துறைமுகத்தைக் காக்கக் கட்டிய கோட்டையிலிருந்து இன்று தண்ணீர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கோட்டைக்கு மேற்கே வெறும் புல்வெளி. அதைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். எங்கள் முற்றவெளி! எதிரி ஒளிந்து வர மரமோ வீடோ இல்லாமல், பீரங்கியின் கண்ணுக்கு எதிரே வெட்டவெளியாக விட்ட நிலம். யாழ்ப்பாணத்தில் பட்டம் விட்டதும் பந்தடித்ததும் அப்படி விட்ட நிலத்தில்தான். இங்கேயும் ஒரு தகப்பன் மகனுக்குப் பந்து எறிந்துகொண்டிருந்தார்.

உள்ளே மேளமும் குழலும் கேட்டன. சிவப்புச் சட்டை போட்ட பிள்ளைகள் வரிசை கட்டி நின்றார்கள். கோடை விடுமுறையில் சம்பளத்துக்கு வேலை செய்யும் மாணவர்கள். 1815 அளவில் இங்கே இருந்த கனேடியன் ஃபென்சிபிள் படைப்பிரிவின் உடுப்பு அது: தடித்த கம்பளிச் சட்டை, மஞ்சள் கழுத்துப்பட்டை, உயர்ந்த கறுப்புத் தொப்பி, மார்பில் குறுக்கே வெள்ளை வார். ஓகஸ்ட் வெயிலில் கம்பளி. ஒரு பெடியனின் காதோரத்தில் வியர்வை கோடாக ஓடுவதைப் பார்த்தேன். சாதாரணச் சிப்பாயின் சட்டைக்கு அந்தக் காலத்தில் மஞ்சிட்டி இனத்து வேரில் சாயம் ஏற்றினார்கள். அதிகாரிகளின் சட்டைக்கு விலை கூடிய பூச்சிச் சாயம். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் சிவப்புக்காகச் சாயவேர் கிண்டுவித்தார்கள். அந்த வேர் முழுவதும் ஒல்லாந்தக் கொம்பனிக்குத்தான் போகவேண்டும். வேறு யாருக்கும் விற்க முடியாது.

கட்டளை ஒவ்வொன்றாக வந்தது. வெடிமருந்து சுற்றிய கடதாசிச் சுருளைப் பல்லால் கடித்தார்கள். துவக்கின் பக்கத்தில் உள்ள சின்னக் கிண்ணியில் ஒரு சிட்டிகை மருந்து, மிச்சம் குழலுக்குள். உயர்த்தினார்கள். நான் ஆயத்தமாகத்தான் நின்றேன் என்று நினைத்திருந்தேன். வேட்டு எழுந்த கணத்தில் பேத்தியை இழுத்து அணைத்துக்கொண்டு நிலத்தோடு நிலமாகக் குனிந்துவிட்டேன். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். வெண்புகை எங்கள் மேலால் மெல்லப் போனது. இருபத்து மூன்று வருடத்துக்குப் பிறகும் உடம்பு மறக்கவில்லை. பேத்தி என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனாள்.

வரிசை கலைந்த பிறகு அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி, இருபது வயதுகூட இருக்காது, நேரே என்னிடம் வந்தாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். பிறகு, விருப்பமென்றால் துவக்கைக் கிட்டப் பார்க்கலாம், இப்போது அதற்குள் எதுவும் இல்லை என்றாள். அந்த நாளில் எனக்குக் கிடைத்த எல்லாவற்றுக்கும் அந்தப் பிள்ளைதான் காரணம்.

நாலரைக் கிலோ பாரம். சக்கிமுக்கிக் கல் உருக்கில் உரசித் தீப்பொறி பறந்து கிண்ணியில் விழும், அங்கிருந்து ஒரு துவாரத்தால் நெருப்பு உள்ளே போகும். சில வேளை கிண்ணி மட்டும் பற்றும், குழல் வெடிக்காது. அன்றைக்கே ஒருவனுக்கு அப்படி நடந்ததைக் காட்டினாள். நன்றாகப் பழகிய சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று தரம் சுடுவான். முன்பல் இல்லாதவனைப் படையில் சேர்க்கமாட்டார்கள், சுருளைக் கடிக்க வேண்டுமே! வாயில் ஒட்டும் வெடியுப்பால் சண்டை முடியுமுன்பே நாக்கு வறண்டுவிடும்.

"இந்தத் துவக்கின் பெயர் தெரியுமா? இந்தியா பற்றன்" என்றாள்.

எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இந்தியாவில் இருந்த தன் படைகளுக்காகக் கிழக்கிந்தியக் கொம்பனி செய்வித்த துவக்கு அது. பிரித்தானிய அரசின் துவக்குக் குழல் 42 அங்குலம், கொம்பனியினது 39 அங்குலம். செய்வதற்குச் சுலபம், செலவும் குறைவு. பிரான்சோடு போர் தொடங்கி ஆயுதம் போதாமல் போனபோது, அரசு கொம்பனியின் கையிருப்பை வாங்கியது. 1797 முதல் தன் படை முழுவதற்கும் அதே வடிவத்தைச் செய்வித்தது. திப்பு சுல்தானின் நாட்டில் சுட்ட துவக்குத்தான் கனடாவின் பனியிலும் சுட்டது. குழலுக்குள் போட்ட மருந்தும் அப்படித்தான். கருமருந்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு வெடியுப்பு, பதினைந்து கரி, பத்துக் கந்தகம். பிரித்தானியருக்கு அந்த வெடியுப்பில் பெரும்பங்கு பீகார், வங்காளப் பக்கத்து மண்ணைக் கழுவிக் காய்ச்சிய ஏழைச் சனங்களின் கையால் வந்தது.

அந்த மருந்துதான் இந்தக் கோட்டையின் பெருங்கதை. 1793 இல் துணை ஆளுநர் சிம்கோ, அமெரிக்கர் படையெடுப்பார்கள் என்ற பயத்தில் இங்கே படைவீடு அமைத்தார். அந்த நிலம் மிசிசாகா முதற்குடி மக்களின் நிலம். 1787 இலும் 1805 இலும் எழுதிய உறுதிகளில் அவர்களுக்கு நேர்ந்த அநியாயத்துக்குக் கனடா அரசு 2010 இல்தான் 14 கோடி 50 இலட்சம் டொலர் கொடுத்துத் தீர்வு கண்டது. கோட்டையின் அருகே எழுந்த யோர்க் என்ற சிற்றூர் பின்னாளில் ரொறன்ரோ ஆனது.

அமெரிக்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் நடந்த போரில், 1813 ஏப்ரல் 27 காலையில் பதினான்கு அமெரிக்கக் கப்பல்கள் ஏரியில் வந்து நின்றன. 1,700 பேர் வரை கரையிறங்கினார்கள். இங்கே இருந்தவர்கள் படையும் ஊர்க்காவலரும் முதற்குடி வீரருமாக எல்லாம் சேர்த்து எழுநூறு பேர் வரைதான். மேற்கே காட்டோரக் கரையில் முதலில் எதிர்த்து நின்றவர்கள் மிசிசாகா, ஒஜிப்வே வீரர்கள். நாளேற நாளேறத் தாக்குப்பிடிக்க முடியாது என்று தெரிந்தது. பிரித்தானியத் தளபதி ஷீஃப் மிஞ்சிய படையோடு கிங்ஸ்ரனுக்குப் பின்வாங்கினார். போகும்போது பெரிய மருந்தறைக்குத் தீவைக்கச் சொல்லிவிட்டுப் போனார். அமெரிக்கர் கோட்டையின் அருகே சரணடைவுக்காகக் காத்து நின்றபோது அது வெடித்தது. கல்லும் மரமும் வானத்திலிருந்து அவர்கள் மேல் விழுந்தன. அந்த ஒரு வெடிப்பில் இருநூற்றைம்பது பேர் வரை இறந்தார்கள் அல்லது காயப்பட்டார்கள். படையை நடத்தி வந்த செபுலன் பைக் கல் பட்டு இறந்தார். ஏரிக்கு அப்பால் நயாகராவிலும் சத்தம் கேட்டதாம். சினந்த படை ஊரைச் சூறையாடியது. நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. அடுத்த ஆண்டு பிரித்தானியர் வாஷிங்டனைக் கொளுத்தியபோது இதையும் கணக்கில் வைத்தே செய்தார்கள் என்பார்கள்.

வெடிப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை இரண்டு பக்கத்து இறந்தவர்களையும் ஒரே குரலில் சொன்னாள். நம்மவர், அவர்கள் என்ற வேறுபாடு அவள் சொற்களில் இல்லை. இருநூறு வருடம் போனால் அப்படிச் சொல்ல வருமோ என்று யோசித்தேன்.

பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு மரத்துவக்குக் கொடுத்து அணிநடை பழக்கினார்கள். பேத்திக்கும் ஆசை. நான் மறித்துவிட்டேன். "அது வேண்டாம் குஞ்சு, வேறை என்னண்டாலும் செய்" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சிப்பாய்களின் குடியிருப்புக்குள் வந்தாள்.

அங்கே நான் அதிக நேரம் நின்றேன். நீண்ட ஒரு கூடம். இரண்டு அடுக்கு மரக்கட்டில்கள், ஒரு கட்டிலில் இரண்டு பேர். ஒரு நாளைக்கு ஒரு சிலிங் சம்பளம், அதில் சாப்பாட்டுக்கும் உடுப்புக்கும் பிடித்துக்கொண்டு மிச்சம். ஒரு மூலையில் கயிறு கட்டிக் கம்பளிப் போர்வை தொங்கவிட்டிருந்தார்கள். அதன் பின்னால் ஒரு குடும்பம் இருந்ததாகக் கணக்கு. கடல்கடந்து போகும் படையில் நூறு பேருக்கு ஆறு மனைவியர்தான் கூடப் போகலாம். துறைமுகத்தில் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். சீட்டு விழாதவள் பிள்ளைகளோடு கரையில் நிற்க வேண்டியதுதான். கூட வந்தவளுக்கு அரைப்பங்கு உணவு, பிள்ளைக்கு அதிலும் குறைவு. அதற்கு அவள் சிப்பாய்களின் உடுப்புத் தோய்க்க வேண்டும், காயக்காரரைப் பார்க்க வேண்டும். போர்வைக்குப் பின்னால் பிள்ளை பெறவும் வேண்டும், ஐம்பது ஆண்கள் படுத்திருக்கும் கூடத்தில்.

அந்தப் போர்வையைத் தொட்டுப் பார்த்தேன். 1990 இல் நாங்கள் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் தங்கியிருந்தோம். ஒவ்வொரு குடும்பமும் வாங்குகளை அடுக்கி, சேலையைக் கட்டி மறைப்பு. என்னுடைய கல்யாணத்துக்கு முதல்நாள் உடுத்த பச்சைக் கைத்தறிச் சேலைதான் எங்கள் சுவர். பக்கத்துச் சேலைக்கு அப்பால் ஒரு பிள்ளை பிறந்தது. அந்தத் தாய் சத்தம் வெளியே வராமல் துணியைக் கடித்துக்கொண்டிருந்தாள் என்று காலையில்தான் எங்களுக்குத் தெரியும். எந்தச் சரித்திரப் பாடத்திலும் நான் இதைப் படிப்பித்ததில்லை. கோட்டை என்றால் தளபதியும் ஆண்டும் உடன்படிக்கையும் என்றே படிப்பித்தேன். இங்கே ஒரு கயிறும் போர்வையும் எனக்குப் பாடம் சொன்னன. பேத்தியை உட்கார வைத்து அந்தச் சேலைக் கதையை முதன்முதலாக அவளுக்குச் சொன்னேன்.

"உங்களுக்கு எத்தினை நாள் அங்கை?" என்று கேட்டாள்.

"நாப்பத்தொரு நாள்."

அதிகாரிகளின் கட்டடத்துக் குசினியில் பெரிய அடுப்பில் விறகு எரிந்தது. அந்தக் காலத்துச் சமையற் புத்தகங்களைப் பார்த்துத் தொண்டர்கள் சமைப்பார்கள். நாங்கள் போன நேரம் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு வயதான பெண் உரலில் மல்லி இடித்துக்கொண்டிருந்தார். வாசம் வந்ததும் பேத்தி, "அம்மம்மா, கறி!" என்றாள். அவர் நிமிர்ந்து சிரித்தார். அன்றைய சமையல் கோழிக் கறியேதான். இங்கிலாந்தில் ஹன்னா கிளாஸ் என்ற பெண் 1747 இல் போட்ட சமையற் புத்தகத்திலேயே கறி இருக்கிறது. முதற்பதிப்பில் மல்லியும் மிளகும்தான். பின்வந்த பதிப்புகளில் மஞ்சளும் இஞ்சியும் சேர்ந்தன. எங்கள் சொல் அப்படிக் கடல் கடந்து போய் வெள்ளைக்காரரின் மேசையில் இருந்திருக்கிறது. குசினி என்ற சொல்லோ போர்த்துக்கேயரிடமிருந்து எங்களிடம் வந்தது. சப்பாத்தும் பாணும் அவர்கள் விட்டுப்போனவை, கந்தோரும் கக்கூசும் ஒல்லாந்தர் விட்டுப்போனவை. அந்தப் பெண்மணிக்கு மல்லியை முதலில் வறுத்துவிட்டு இடித்தால் வாசம் கூடும் என்று சொன்னேன். கிளாஸும் அப்படித்தான் வறுக்கச் சொல்கிறார், தான் அவசரத்தில் விட்டுவிட்டதாகச் சொன்னார். பிறகு பேத்தியிடம் உலக்கையைக் கொடுத்தார். மரத்துவக்கை அவள் மறந்துவிட்டாள்.

இந்தக் கோட்டை தானாகத் தப்பிய இடம் இல்லை. இப்போது உள்ள பழைய கட்டடங்கள் வெடிப்புக்குப் பிறகு, 1813 முதல் 1815 வரையில் எழும்பியவை. நூறு வருடத்துக்குள் அவற்றைத் தொழிற்சாலைகளும் தண்டவாளங்களும் நெருக்கின. மின்ரயில் பாதையைக் கோட்டைக்குள்ளால் போடப் பார்த்தபோது ஊர்ச்சனம் எதிர்த்தது. 1909 இல் நகரசபை நிலத்தை வாங்கியது. 1934 இல் புதுப்பித்து மக்களுக்குத் திறந்தார்கள். 1813 இல் அமெரிக்கர் எடுத்துச் சென்ற நாடாளுமன்றச் செங்கோலை ஜனாதிபதி ரூஸ்வெல்ட் திருப்பிக் கொடுத்ததும் அந்த வருடம்தான். 1950களின் கடைசியில் கார்டினர் பாதை வந்தபோது, கோட்டையைப் பெயர்த்து ஏரிக்கரைக்குக் கொண்டுபோகலாம் என்று திட்டம். வரலாற்றுச் சங்கத்துப் பெண்களும் ஆண்களும் விடவில்லை. கடைசியில் பாதைதான் வளைந்து போனது. இன்றைக்கும் அந்த வளைவு அங்கே இருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. நூலகத்தில் அந்தப் போரைப் பற்றி எடுத்துப் படிக்கும்போது ஒரு பெயரில் கண் நின்றது: டி மியூரோன் படைப்பிரிவு. நான் படிப்பித்த பெயர்! 1781 இல் சுவிற்சர்லாந்தின் நெஷாற்றெலில் ஒல்லாந்தக் கொம்பனிக்காகத் திரட்டிய கூலிப்படை அது. இலங்கையில் ஒல்லாந்தரின் கோட்டைகளைக் காத்தது. 1795 இல் கிளெக்கோர்ன் என்ற ஸ்கொட்லாந்துப் பேராசிரியர் படையின் சொந்தக்காரரான பிரபுவோடு பேசி, படையை அப்படியே பிரித்தானியர் பக்கம் மாற்றிவிட்டார். அந்தச் செய்தியைப் பாற்கட்டிக்குள் ஒளித்துக் கொழும்புக்கு அனுப்பியதாக ஒரு கதை உண்டு. தங்கள் பக்கத்துச் சுவிஸ் படை போனபிறகு ஒல்லாந்தரால் கொழும்பைக் காக்க முடியவில்லை. யாழ்ப்பாணக் கோட்டை அந்த வருடம் செப்ரெம்பர் கடைசியிலேயே சண்டையில்லாமல் பிரித்தானியர் கைக்குப் போயிருந்தது. டி மியூரோன் படை பிறகு 1799 இல் சீரங்கப்பட்டணத்தில் திப்புவுக்கு எதிராக நின்றது. 1813 இல், யோர்க்கில் மருந்தறை வெடித்த அதே வருடத்தில், மால்ற்றாவிலிருந்து கப்பலேறிக் கனடா வந்தது. போர் முடிந்து 1816 இல் படையைக் கலைத்தபோது, சிலர் செல்கேர்க் பிரபுவோடு மேற்கே போய், இன்றைய வினிப்பெக் பக்கம் குடியேறினார்கள்.

இலங்கையில் கட்டளை கேட்ட அதே படைப்பிரிவின் பெயர் இந்த நாட்டுப் பனியிலும் எழுதியிருக்கிறது. இந்த நாட்டுக்கு நாங்கள் புதியவர்கள் என்று சொல்லும்போது நான் இப்போது கொஞ்சம் தயங்குகிறேன்.

2015 இல் ஊருக்குப் போனேன். யாழ்ப்பாணக் கோட்டை மதிலின் பெரும்பகுதியை ஒல்லாந்து அரசின் உதவியோடு திரும்பக் கட்டியிருந்தார்கள். ஐந்து கொத்தளங்களுக்கும் ஒல்லாந்தர் தங்கள் மாகாணங்களின் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர்களை நான் வகுப்பில் மனப்பாடம் செய்வித்திருக்கிறேன். 1706 இல் கட்டிய தேவாலயம் இருந்த இடத்தில் கற்குவியல். மாலையில் இளம்பிள்ளைகள் மதில்மேல் நடந்து படம் எடுத்தார்கள். ஒருவரிடம் கேட்டேன், இது என்ன இடம் என்று தெரியுமா? "ஒல்லாந்தர் கட்டினது" என்றார். அவ்வளவுதான். கடலில் இறங்கிப் பவளக்கல் வெட்டிச் சுமந்த ஊரவர்களைப் பற்றியோ, உள்ளே இருந்த சிறைச்சாலையைப் பற்றியோ, 1990 இல் சுற்றுவட்டத்து வீடுகளில் இருந்த எங்களைப் பற்றியோ சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. கல்லைக் கட்டியாகிவிட்டது. அந்தக் கல்லோடு வாழ்ந்தவர்களின் கதை இன்னும் கட்டப்படவில்லை.

அங்கே உடுப்புப் போட்டு அணிநடை நடத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. துவக்குச் சத்தம் எங்கள் மண்ணில் போதும். ஒரு குசினி போதும், ஒரு சேலை மறைப்பு போதும், பக்கத்தில் நின்று பொறுமையாகச் சொல்ல ஒரு பிள்ளை போதும். ஆனால் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க எழுத்தில் ஏதாவது இருக்க வேண்டும். யோர்க் கோட்டையில் எத்தனை மனைவியர், எத்தனை பங்கு உணவு என்று இன்று சொல்ல முடிவது, அன்றைக்கு யாரோ ஒரு எழுதுவினைஞர் கணக்கெழுதி வைத்ததால்தான்.

கொட்டடியிலும் குருநகரிலும் நாவாந்துறையிலும் பண்ணைப் பக்கத்திலும் இருந்தவர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். என் வயதுக்காரர் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறோம். கோட்டையைப் பற்றி உங்கள் அப்பா, அப்பு சொன்னதையும், நீங்கள் கண்ணால் கண்டதையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுத வராவிட்டால் பேரப்பிள்ளையின் கைபேசியில் சொல்லிப் பதியுங்கள். ஆண்டு பிழைத்தாலும் பரவாயில்லை, அதைச் சரிபார்க்க ஆட்கள் இருக்கிறார்கள். என்ன சாப்பிட்டீர்கள், எங்கே படுத்தீர்கள், எதைக் கையில் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள். நான் என் நாற்பத்தொரு நாளை எழுதத் தொடங்கிவிட்டேன். இப்போது கொப்பியில் பதினேழாம் நாளில் நிற்கிறேன்.